சோப்புத் தண்ணீரில் ஊறிய கார்டு

2006 ஐப்பசியில், ஷார்ஜாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் திருச்சி வந்திருந்தபோது, கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கக் கிளம்பினேன். என் அறைத் தோழன் சாதிக் போனில், “அப்படியே எங்க ஊர் வழியா போ மாப்ள. வூட்ல ஒரு மெமரி கார்டு தருவாங்க, வாங்கிட்டு வா” என்றான். அவன் ஊர் லப்பைக்குடிக்காடு. வரைபடத்தைப் பார்த்தால் தெரியும், அது ‘அப்படியே’ இல்லை, நல்ல சுற்று. ஆனால் மறுக்க முடியாத காரணம் இருந்தது.

சாதிக்குக்கு மகள் பிறந்து பதினோராம் நாள் அவன் அத்தா இறந்துபோனார். இவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பேத்தியை மடியில் வைத்து அவர் எடுத்துக்கொண்ட படங்கள் அந்தக் கார்டில் இருந்தன. வீட்டுப் பெண்களும் அதில் இருந்ததால் வெளி ஸ்டுடியோ எதற்கும் கொடுக்கவில்லை. வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது. ஷார்ஜாவில் கேமரா பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் சாதிக், தானே பிரிண்ட் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

காலை 6.10க்குத் திருச்சியில் பஸ். பெரம்பலூர் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு வேறு பஸ் பிடித்து, 9.30க்கு லப்பைக்குடிக்காடு. சாதிக்கின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றபடி, தபால்தலை அளவில் காகிதத்தில் மடித்த கார்டை நீட்டினார். “மாமா படம் இதுல மட்டுந்தாங்கண்ணே இருக்கு. பத்தரமா கொண்டு போங்க.” சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன். அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று நினைத்தேன்.

அரியலூரில் இறங்கியபோதே வானம் கறுத்திருந்தது. விக்கிரமங்கலம் பஸ் கிடைத்தது. அங்கே என் பெரியப்பா மகள் செல்வி அக்கா வீடு. இரவு தங்கி, காலையில் கோயில் என்று திட்டம். பஸ்ஸை விட்டு இறங்கி நூறு அடி நடப்பதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

“ஏன்டா இப்புடி தொப்பலா நனைஞ்சு வர? சட்டையக் கழட்டு, சளி புடிச்சுக்கும்” என்று அக்கா துண்டை நீட்டினாள். காகிதம் நனைந்திருக்குமே என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. குளித்தேன், சாப்பிட்டேன், சின்னத் தூக்கமும் போட்டேன். எழுந்து, சட்டை எங்கே என்று கேட்டேன்.

“சேறா இருந்துச்சு. சுடுதண்ணில சோப்புத்தூளு போட்டு ஊற வச்சிருக்கேன்.”

வாளிக்குள் கைவிட்டேன். காகிதம் கூழாகியிருந்தது. கார்டு நுரையோடு விரலில் வழுக்கியது. ஒன்றரை மணி நேரம் ஊறியிருக்கிறது. “நான் பையத் துழாவிப் பாக்கலயேடா” என்று அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தேற்றக்கூட எனக்குத் தெம்பில்லை.

என் கேமராவிலும் அதே வகைக் கார்டுதான். துடைத்துப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று கை பரபரத்தது. அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயும் என்றாள் அக்கா. எது சரி, எது இருப்பதையும் அழிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சாதிக். அவனிடம் சொல்லத்தான் பயம்.

மாலை ஐந்து மணிக்கு போன் பூத்துக்குப் போய் ஒரு பொய் சொன்னேன். “என் கார்டு சோப்புத் தண்ணில விழுந்துட்டுடா.”

“கேமராவுல போட்டியா?”

“இல்ல.”

“போட்டுடாத. ஈரத்தோட கரண்ட் பட்டா அவ்வளவுதான். சோப்பு போற வரைக்கும் நல்ல தண்ணில அலசு. சூடு காட்டாத. ரெண்டு நாள் ஃபேன் காத்துல காயட்டும்.” பிறகு குரலைத் தணித்துக் கேட்டான்: “யாரு கார்டு மாப்ள?”

பூத் மீட்டரில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“படம் இருந்தா மட்டும் போன் பண்ணு” என்று வைத்துவிட்டான்.

நனைந்ததை மறுபடி தண்ணீரில் முக்குவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. அலசி, மெல்லிய துணியில் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே வைத்தேன். கரண்ட் போன போதெல்லாம் அக்கா விசிறியோடு உட்கார்ந்தாள்.

மறுநாள் ஜெயங்கொண்டம் போய், மீன்சுருட்டி பஸ்ஸில் ஏறி, கோயிலையும் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய விமானத்தின் கீழே நின்றுகொண்டு, கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஆகவே கோயிலைப் பற்றி என்னிடம் விவரம் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கார்டை அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கிளம்பும் முன் எங்காவது ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நனைந்துவிட்டால் முழுக்கக் காயும்வரை கேமராவில் போடாதீர்கள். இந்தக் கார்டு பிழைத்தது என்பதற்காக எல்லாம் பிழைக்கும் என்று நம்பவும் வேண்டாம்.

ஆம், பிழைத்தது. அக்கா வீட்டுக்கே திரும்பித் தங்கி, மூன்றாம் நாள் மாலை கார்டைக் கேமராவில் செருகினேன். திரை கறுப்பாகவே நின்றது. அக்கா என் தோளை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு வெளிச்சம் வந்தது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், மடியில் குழந்தை.

பூத்துக்கு ஓடினேன். முதல் மணி முடியும் முன்பே சாதிக் எடுத்தான்.

“தொப்பி கொஞ்சம் சாஞ்சிருக்குடா” என்றேன்.

“அத்தா எப்பவும் அப்புடித்தான் போடுவாங்க” என்று ஆரம்பித்தவன், அதற்குமேல் பேச முடியாமல் அழுதான்.