சுக்குக் காபிக்கு வந்தவள்

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் ஸ்கூல் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து மகளின் ஸ்கூலுக்கு ஸ்கூட்டரில் ஏழு நிமிஷம்தான். ஆனால் படுக்கையிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் வர ஒன்றரை மணி நேரம் ஆகிறதே... அதற்கு நான் எங்கே போவேன்? கம்பளியை உருவ அரை மணி. சாக்ஸ் தேடக் கால் மணி. மிச்ச நேரம் முழுக்க சத்துமாவுக் கஞ்சியோடு மல்லுக்கட்டு. கடைசியில் அந்தக் கஞ்சி சிங்க்கில்தான் போகும் — அது வேறு விஷயம்.

வாட்ச்மேன் லேட் ஸ்லிப்பை நீட்டினார்.

"இந்த வாரத்துல மூணாவதுங்க. இன்னொண்ணு ஆச்சுன்னா ஹெச்.எம். உங்களையே கூப்புட்டு விட்ருவாங்க."

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பிரேயர் முடிந்து வரிசையாக நின்ற அத்தனை பேரும் பார்க்க, ஸ்லிப்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து போனாள். அன்று சாயங்காலம் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, "இனிமே நான் ஸ்கூலுக்கே போகல" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பகீரென்றது.

பயம் வந்தால் எனக்கு லெக்சரும் கூடவே வந்துவிடும். அலமாரியிலிருந்து என் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். 'முழு வருகை — ஐந்தாம் வகுப்பு' என்று பெயர் வெட்டிய டம்ளர். இதைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

"பாரு! ஸ்கூட்டர் கிடையாது, ஸ்வெட்டர் கிடையாது. ஒரு நாள் லீவு இல்ல, ஒரு நாள் லேட் இல்ல!"

அவள் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன்னை யாரும்மா எழுப்பி விட்டா?"

"யாரும் இல்ல. நானேதான்" என்றேன்.

பொய்.

மலையில் கிளாவரைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ஊர். வீடு மேட்டில், பூண்டுத் தோட்டங்களுக்கு மேலே. பள்ளிக்கூடம் கீழே, பஸ் நிற்கிற இடத்தில். அதை ஒட்டியே என் வகுப்புத் தோழி ஜரினாவின் அத்தா வைத்திருந்த மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. மணி அடித்த பிறகு கிளம்பினால்கூட ஜரினா நேரத்துக்கு வந்துவிடலாம். நானோ கம்பளிக்குள் கிடந்து மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இன்னொரு பக்கம் திரும்பிப் படுக்கிற ஜாதி.

எங்கள் வகுப்பு ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை மாதங்களில் எங்களுக்கு முன்னால் மூடுபனி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். கடைசி பெஞ்சு டீச்சருக்குத் தெரியவே தெரியாது. குரலை வைத்துத்தான் அட்டெண்டன்ஸ். இது போதாதா? என் பெயரைக் கூப்பிட்டால் ஜரினா மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சி, அசல் என் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்பாள். மூன்றாம் வகுப்பில் பாதி நாள் நான் இப்படித்தான் பள்ளிக்கூடம் போனேன்.

ஒரு நாள் ஓட்டமாய் ஓடி வாசலில் கால் வைக்கிறேன், டீச்சர் என் பெயரைக் கூப்பிடுகிறார். மூச்சிரைக்க "உள்ளேன் டீச்சர்!" என்றேன். அதே நொடியில் கடைசி பெஞ்சிலிருந்தும் ஒரு உறிஞ்சலும் "உள்ளேன் டீச்சர்!" என்ற குரலும் வந்தன.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார். தப்பித்தோமடா சாமி என்று உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுச் சரிவில் ஒரு குரல்.

"ஏடி தேனு! இன்னுமா படுத்துக் கெடக்க? வெரசா வாடி!"

ஜரினா. அன்றிலிருந்து தினமும் வந்தாள். மழையோ பனியோ, காலில் அட்டை ஏறினாலும் வந்தாள். என் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. சுடச் சுட சுக்குக் காபி போட்டுக் கையில் கொடுப்பார். அவள் அதை மடமடவென்று குடித்து முடிப்பதற்குள் நான் கிளம்பியிருக்க வேண்டும். காபிக்காகத்தான் இவ்வளவு தூரம் ஏறி வருகிறாள் என்று நான் அவளுக்கு வைத்த பெயரே 'சுக்கு'.

ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு அம்மை போட்டது. பத்து நாள் வரவில்லை. அந்தப் பத்து நாளும் நானே எழுந்து, எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் கேட்காத வீட்டில் எனக்கு என்ன சோலி? அவள் பெயரை டீச்சர் கூப்பிடும்போதெல்லாம் 'உள்ளேன் டீச்சர்' நாக்கு நுனி வரைக்கும் வந்தது... சொல்லத் தைரியம் வரவில்லை. வருஷக் கடைசியில் டம்ளர் எனக்கு வந்தது. அவள்தான் எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினாள்.

சனிக்கிழமை ஒரு வேலையாக வத்தலக்குண்டு போனேன். ஜரினா இப்போது அங்கேதான் தையல் கடை வைத்திருக்கிறாள். லேட் ஸ்லிப் கதையைச் சொல்லி, மகள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா 'உள்ளேன்' சொன்னோம்ல... சாயங்காலம் டீச்சர் என்னைய மட்டும் நிக்கச் சொன்னாங்க. அடிக்கப் போறாங்கன்னு கையை நீட்டிட்டு நின்னேன். 'அவளுக்காக நீ சத்தம் குடுத்தது போதும். நாளையிலருந்து வெள்ளனே போயி அவளக் கூட்டிட்டு வா'ன்னாங்க."

ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன்டி எங்கிட்ட இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னா ரோசப்பட்டுக்கிட்டு வரமாட்டேன்னு இருந்திருவியே. உன்னைய எனக்குத் தெரியாதா?"

"அப்ப... சுக்குக் காபி?"

"எனக்குச் சுக்கு வாடையே ஆகாதுடி. குமட்டும். உங்கம்மா ஆசையாக் குடுக்குறாங்க, வேணாம்னா அவங்க மூஞ்சி வாடிப்போகும்ல. மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சுருவேன்."

மூன்று வருஷம். தினமும் ஒரு டம்ளர். மலைப்பாதை பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட் அம்மா, வாந்தி வருகிறதென்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். பிறகு லெக்சர் இல்லாமல் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "அடுத்த தெருவுல உன் கிளாஸ் பொண்ணு இருக்கால்ல, அவளும் தினமும் லேட்டாமே. நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வர்றியா?"

திங்கட்கிழமை ஏழரைக்கு ஷூ போட்டு வாசலில் நின்றாள். செவ்வாயும் அப்படியே. இந்த வாரம் இதுவரை ஸ்லிப் இல்லை. கேட் சாத்துவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் உள்ளே.

நேற்று அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார்.

"உங்க பொண்ணு வந்து குரல் குடுக்குறதாலதாங்க எங்க வீடே முழிக்குது. நல்லா வளத்துருக்கீங்க. தினமும் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி குடுக்குறேன்... ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டுத்தாங்க போறா!"