அம்மாவின் இருபத்துமூன்று கிலோ

நேற்றுத்தான் டுசல்டோர்ஃப் திரும்பினோம்.

"பிரிட்டன் படங்கள் எங்கே?" என்று ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள்.

நியாயம்தான். போவதற்கு முன் பயணத்தின் எக்செல் பட்டியலை இந்தப் பக்கத்தில் போட்டுப் பெருமைப்பட்டவள் நான்தான்.

எடின்பரோவில் மூன்று நாள். ஏரி மாவட்டத்தில் இரண்டு நாள். கடைசியில் லண்டனில் ஒரே ஒரு நாள், மியூசியத்துக்கு. (மழை பெய்தால் எங்கே போவது என்பதற்குத் தனி நிரல்.)

பட்டியலில் ஒரு இடம் இல்லை. லண்டன் ஹரோவில் இருக்கும் பெரியம்மா வீடு.

பெரியம்மா அம்மாவின் சொந்த அக்கா. பதினொரு வருடங்களுக்கு முன் கொலோனில் ஒரு கல்யாணத்தில் ஒரு பகல் சந்தித்ததுதான் கடைசி. அம்மாவிடம் அகதிகளுக்கான பயணப் பத்திரம்தான் இருந்தது. அதை வைத்து பிரிட்டனுக்கு விசா எடுப்பது பெரிய வில்லங்கம். இந்த வருடம்தான் ஜெர்மன் பாஸ்போர்ட் வந்தது.

பாஸ்போர்ட்டின் முதல் பயணம். பட்டியல் போட்டது நான்.

நம் ஆட்களின் லண்டன் பயணம் தெரியும்தானே. விமானம், சொந்தக்காரர் வீடு, கோயில், சேலைக்கடை, இன்னும் ஆறு சொந்தக்காரர் வீடு, விமானம். அம்மாவுக்கு நான் நாட்டைக் காட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். என் படங்களுக்கு நாடு தேவைப்பட்டது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அம்மா ஒரு முறைதான் கேட்டார்.

"அக்கா வீட்டை ஒருநாள் போவமோ?"

"போனா ஒருநாளோடை விடமாட்டா அம்மா. இது ஊர்லாப், சும்மா சுத்திப் பாக்கிற லீவு. அங்கை பிறகு ஒருக்கால் போவம்."

"ஓம். நீ சொல்லுறதும் சரிதான்."

அடுத்த வாரம் பெரியம்மா போன் எடுத்தார்.

"லீவுக்கு எங்கை பிள்ளை போறியள்?"

"ஆஸ்திரியாவுக்குப் பெரியம்மா."

வாயில் வந்த முதல் நாடு. பக்கத்தில் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குளிருமெல்லே. சுவெற்றர் கொண்டு போங்கோ."

ஆளுக்கொரு கைப்பை போதும் என்றேன். அம்மா பெரிய சூட்கேஸைத்தான் எடுத்தார். விமான நிலையத் தராசில் இருபத்துமூன்று கிலோ.

"ஒரு கிழமைக்கு இவ்வளவு உடுப்போ அம்மா?"

"குளிருக்குத்தானே பிள்ளை."

எடின்பரோவில் நான் வாடகைக்கு எடுத்த வீடு நாலாம் மாடி. கற்சுவர், வளைந்த படி, லிஃப்ட் இல்லை. (படத்தில் படி மிக அழகு.) சூட்கேஸை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஒரு வசனமாக அம்மாவை ஏசினேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன். அம்மா கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பின்னால் ஏறி வந்தார்.

எங்கே போனாலும் ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்துவிடுவார்.

"நீ போய்ப் படம் எடு. நான் இதிலை இருக்கிறன்."

பொழுதுபட்டதும் உடுப்பைத் தோய்த்து ஹீட்டரில் போடுவார். "சூட்கேஸ் நிறைய உடுப்பு, பிறகென்னத்துக்குத் தோய்க்கிறியள்?" அதற்கும் ஏசினேன்.

லண்டன் புறப்படும் காலை. ஏரிக்கரை வீடு. அம்மா குளித்துக்கொண்டிருந்தார். பிளக் அடாப்டரைத் தேடி அவருடைய சூட்கேஸைத் திறந்தேன்.

அம்மாவின் உடுப்பு இரண்டு சோடி.

மீதி எல்லாம் வேறு. வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், மூன்று உறையில். கோப்பி பைக்கற்றுகள். முழங்கால் வலிக்கென்று ஜெர்மனியிலிருந்து நம்மவர்கள் எல்லா நாட்டுக்கும் காவும் அந்தக் குதிரைக் களிம்பு, ஆறு டப்பா. கடைச்சீட்டுக் கழற்றாத ஒரு நைட்டி, அம்மாவின் அளவைவிட மிகப் பெரியது.

ஒவ்வொரு உறையிலும் மார்க்கரால் ஒரே சொல். அக்கா.

அம்மா தலை துவட்டியபடி வந்தார். திறந்த சூட்கேஸைப் பார்த்தார்.

"அது, வழியிலை எங்கையும் சந்திச்சாக் குடுக்கலாம் எண்டு."

வழியில். ஆஸ்திரியா போகும் வழியில்.

மியூசியத்தை விட்டோம். ஹோட்டலையும் விட்டோம். ரயிலில் மூன்று தரம் பெரியம்மாவின் எண்ணை எடுத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் மூன்று தரமும் வைத்தேன்.

ஹரோவில் நாங்கள் மணியை அழுத்துமுன் கதவு திறந்தது.

இரண்டு பேரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் சூட்கேஸோடு வெளியே. பெரியம்மா அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ஆஸ்திரியா எப்பிடிப் பிள்ளை?"

நான் சூட்கேஸின் சில்லைப் பார்த்தேன்.

"ஏசாதேங்கோ அக்கா. பிள்ளை எவ்வளவு இடம் காட்டினவள்."

"ஆர் ஏசினது? எனக்கும் எல்லா இடமும் தெரியும். இவள் படம் எடுக்கப் போற நேரமெல்லாம் நாங்கள் கதைச்சனாங்கள்தானே. அந்தக் கோட்டை வாசல்லை காத்தெண்டு நீ சொன்ன ஒண்டுமே எனக்குக் கேக்கேல்லை."

மேலறையில் இரண்டு கட்டில்கள், புது விரிப்போடு.

"எப்ப விரிச்சனீங்கள் பெரியம்மா?"

"நீங்கள் ஆஸ்திரியாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சாப்பாட்டு மேசையில் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். அது ஏச்சைவிடக் கஷ்டம்.

நைட்டி அளவு சரி. ஒரு பின்னேரமும் அடுத்த நாள் பாதியும்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு வாரம் கிடைத்திருக்க வேண்டியது.

படங்கள் கேட்டவர்களுக்கு: அறுநூறு இருக்கின்றன. கோட்டை, ஏரி, மலை. பலவற்றில் மூலையில் ஒரு பெஞ்ச், அதில் அம்மா, காதில் போனோடு. எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் சிரிக்கிறார்.

அதனால்தான் போடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் இப்போது ஆஸ்திரியாவில் இருக்கிறீர்கள்?