தண்ணீர் நடக்கும் நேரம்

எங்கள் கிணறு ஐந்து பேருக்குச் சொந்தம். திருச்சுழி பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். மூன்று பேர் நிலம் கிணற்றுக்கு மேற்கே. கிழக்கே, பங்காளி வீட்டு மதினியின் பருத்தி. அதன் ஓரமாகவே வாய்க்கால் ஓடி, கடைசியில் என் மிளகாய்க்கு வரும்.

போன கோடையில், செடி பூவெடுத்த நேரம் பார்த்து மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. இன்னும் நாலு நாள் காய்ந்தால் பூவெல்லாம் கொட்டிவிடும். அந்த வருஷம் எனக்கு வேறு வெள்ளாமை கிடையாது. செலவைப் பங்கு பிரிக்காமல் மோட்டாரைப் பழுதுபார்க்க அருப்புக்கோட்டைக்கு ஏற்றவும் முடியாது.

மாமனார் இருந்தவரை இதெல்லாம் அவர் பாடு. அவர் இறந்தபின் நான் போன முதல் கிணற்றுக் கூட்டம் அது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சண்டைக்குத் தயாராகவே போனேன். “அஞ்சுல ஒரு பங்கு நான் தர மாட்டேன், என் வயல்ல தண்ணி பாயுற நேரத்துக்குத்தான் தருவேன். என் வயலுக்குத் தண்ணி வந்து சேரவே நாப்பது நிமிசம் ஆகுது, செல்லுல அளந்து வச்சிருக்கேன். வாய்க்கா குடிக்கிறதுக்கு நான் ஏன் அழணும்?” என்று பொரிந்து தள்ளினேன். மதினியைப் பார்த்துத்தான் சொன்னேன். என்னிடம் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசாத மனுஷி.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“நாப்பதா? ஈர வாய்க்கால்ல அளந்திருப்பத்தா. காஞ்சு கெடக்கையில அம்பது. இந்தக் கோடையில மொதத் தண்ணி விட்டப்ப தண்ணி மொனையில எருக்கெலைய மெதக்க விட்டுக் கூடவே நடந்து பாத்தேன்.”

“அந்த அம்பது நிமிசத்துச் செலவு யாருக்கு, மதினி?”

“எனக்குத்தான். ஒந்தண்ணி நடக்கையில எம்பருத்திதான குடிக்குது? ஒம்மாமனாரு காலத்துலயும் அப்படித்தான். அவுக சொல்லலையா?”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் கேட்டதற்கு மேலே பத்து நிமிடத்தை, தன் கையை விட்டுப் போகிற கணக்கை, அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். வெட்கத்தை விட வியப்புதான் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் மோட்டார் வந்தது. அன்று மதினியின் முறை. ஆனால் பழுது பார்த்த பின் முதல் தண்ணீர் கடைசி வயலுக்குத்தானாம். அதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் எருக்கிலையைப் போட்டார். இருவரும் அதன் கூடவே நடந்தோம். அவருடைய பருத்தி இலைகள் துவண்டு தொங்கின. அந்தப் பக்கம் ஓர் எலி வளையில் தண்ணீர் இறங்கியபோது, குனிந்து மண்ணை அள்ளி அடைத்தார். தன் செடிக்குப் போகிற தண்ணீரைத் தானே அடைத்தார்.

இலை என் வயலுக்குள் நுழைந்தது.

“மணி எத்தனத்தா?”

பார்த்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

“அந்த ரெண்டையும் எம்பங்குல சேத்துக்க” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு தன் வாடிய பருத்திக்குத் திரும்பி நடந்தார்.