ஒரு சீசனுக்கு வந்தவள்

கொழும்பு கால்பந்து கிளப் என் மகளை ஒரு சீசன் ஹட்டன் கிளப்பில் ஆட அனுப்பியபோது, அவளைக் கழித்துவிட்டார்கள் என்றே எங்கள் தோட்டத்து லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்தப் பயம்தான்.

ஹட்டன் கோச் குள்ளமான மனிதர். கொட்டும் மழையிலும் மைதானக் கோட்டோரம் நின்றேதான் ஆட்டம் பார்ப்பார். "கழிக்கலைங்க. அங்க பெஞ்சுலயே உக்காந்திருந்துச்சு. இங்க ஆடிப் பழகட்டும்னுதான் அனுப்பியிருக்காங்க" என்றார்.

அந்த சீசனில் அவள் கோல்களாக அடித்துத் தள்ளினாள். கொழும்பு அவளைத் திரும்ப அழைத்ததும் எனக்கு உயிர் வந்தது.

"விட மனசு வருதுங்களா சேர்?" என்று கோச்சிடம் கேட்டேன்.

"இங்கயே நின்னுட்டாத்தாங்க எனக்குத் தோல்வி" என்று சிரித்தார்.

அவள் இல்லாமல் ஆடிய முதல் ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது. அன்று மாலை போன் செய்தவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"புள்ளய இன்னைக்கு அங்க ஆட்டத்துல எறக்குனாங்களா?"

"முழு ஆட்டமும் ஆடிச்சுங்க."

அப்போது அவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சு என்னுடையதைவிட நீளமாக இருந்தது.