ஏரியில் நின்று கூப்பிட்டவள்

பெனிட்டா பன்னிரண்டு வருடமாகத் திருப்பாலைவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஏரிக்கரைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறாள். வருடத்துக்கு ஒரு நாவலையாவது பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடுவாள். இந்த முறை பதினோராம் வகுப்புக்கு எடுத்து வைத்தது, வீடு சேர்த்துக்கொள்ளாத ஒரு திருநங்கையின் கதை. நேராகக் கையில் கொடுத்தால் சிரித்தே கெடுத்துவிடுவார்கள். அதனால் முதலில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தாள்.

"பேர் எழுத வேணாம். உங்க வீட்ல, தெருவுல யாரைப் பத்திப் பேசக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க? அதை எழுதுங்க."

மதியம் தாள்களைப் பிரித்தாள். ஏழு தாள்களில் ஒரே விஷயம். செத்துப்போன ஒருவன் குப்பத்து ஏரியில் புடவை கட்டிக்கொண்டு நடக்கிறான். பட்டப்பகலில் வருகிறான். பேர் சொல்லிக் கூப்பிடுவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. எட்டாவது தாளில் மட்டும், 'அது என் அண்ணன். கூப்பிட்டால் எனக்கு அழுகை வருகிறது' என்று இருந்தது. நந்தினியின் கையெழுத்து. அவள் அண்ணன் பூவரசன் நாலு வருடத்துக்கு முன் கடலில் போய்விட்டதாகவும் உடல் கிடைக்கவில்லை என்றும் பெனிட்டா கேள்விப்பட்டிருந்தாள்.

சனிக்கிழமை நந்தினி வீட்டுக்குப் போனாள். சுவரில் பூவரசன் படம், புது மாலை. வாசலில் அப்பா லோகநாதன் வலை கோத்துக்கொண்டிருந்தார். அம்மா இருசம்மாள் டீ ஊற்றினாள். வெளியே துளிக் காற்றில்லை. ஏரியும் வானமும் ஒரே வெளுப்பு. அந்த வெளுப்புக்குள், கணுக்கால் தண்ணீரில், புடவை கட்டிய ஒரு உருவம் நின்று கூப்பிட்டது.

"யம்மா!"

இருசம்மாள் ஊற்றிக்கொண்டிருந்த டீ டம்ளருக்கு வெளியே சிந்தியது. அவள் நிமிரவில்லை. கூடையோடு போன ஒருத்தி அந்த உருவத்தை உரசினாற்போல் கடந்தாள், கண் இமைக்காமல்.

"அங்க யாரோ நிக்கிறாங்களே?"

"யாரும் இல்ல டீச்சர்," என்றார் லோகநாதன். பொய் சொல்கிற குரலாகவே இல்லை.

தனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்று பெனிட்டா கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். கிட்டே போனதும் அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்:

"உங்க கண்ணுக்கு நான் தெரியுறனா?"

பேர் பூவரசி. ஆரம்பாக்கத்தில் இறால் கம்பெனியில் வேலை. அம்மாவைப் பார்க்க வாரம் ஒருதரம் வருகிறாள். "மொதல்ல அடிச்சாங்க டீச்சர். அதுகூடத் தேவல. அப்புறம் படத்துக்கு மாலை போட்டுட்டாங்க. என் கதைய பள்ளிக்கூடத்துல சொல்லாதீங்க. கூப்புட்டா திரும்பிப் பாக்கச் சொல்லுங்க, போதும்."

திங்கட்கிழமை வகுப்பில் பெனிட்டா யார் பேரையும் எடுக்கவில்லை. "ஒருத்தரை நாலு வருஷம் யாருமே திரும்பிப் பாக்கலைன்னா அவங்க இன்னா ஆவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பேய் ஆயிடுவாங்க டீச்சர்," என்றான் துளசிங்கம். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நாவலைக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஏரியிலிருந்து குரல் வந்தபோது, "இன்னாக்கா?" என்று நந்தினி திரும்பினாள்.

புதன்கிழமை அவள் வெளிறிப்போய் வந்து நின்றாள். "நைனா என்னைத் தாண்டி செவுத்தப் பாக்குறாரு டீச்சர். அம்மா எனக்கு மட்டும் தட்டு வெக்கல. பேசினா யார் காதுலயும் விழல. நான் இருக்கேன் இல்ல டீச்சர்?"

பெனிட்டா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். தான் கொடுத்த தாளால் வந்த வினை என்று நெஞ்சு குறுகுறுத்தது. பள்ளி விட்டதும் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் இருசம்மாள் முன் நிறுத்தினாள்.

"இன்னொரு படமும் மாட்டப் போறீங்களாம்மா?"

இருசம்மாள் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை சோற்றையும் குழம்பையும் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு இருசம்மாள் தண்ணீரில் இறங்கினாள்.

"எங்க போற?" என்றார் லோகநாதன்.

"கூப்புடுறா. காதுல விழலயா உனக்கு?"

பூவரசி இப்போது கரைவரை வருகிறாள்; வாசற்படி ஏறவில்லை. லோகநாதன் இன்னும் அவளோடு பேசவில்லை. குப்பத்தில் பாதிப் பேருக்கு இருசம்மாளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட அவள் ஆள் கூப்பிட்டால், நந்தினிதான் வருகிறாள்.