துவாய்க்கு அடியில் இருந்த பெடல்

எங்கள் சபையின் ஜெபக் குறிப்பேட்டில் நோயாளிகளோடு நோயாளியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தது. முதலாவது, முழங்கால் வலியோடு படியேறி வரும் ஒரு தாய். இரண்டாவது, விசாவுக்காகக் காத்திருந்த ஒரு தம்பி. மூன்றாவது வரியில், "கிட்டார் பெட்டியின் சத்தம் சுகமாக" என்று பாஸ்டரம்மா தன் கையாலேயே எழுதியிருந்தார். பாட்டுக் குழுவை நடத்துவது அவர்தான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெட்டியின் தலையில் கை வைத்து ஜெபிப்பார். நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொல்வேன். அந்த ஆமெனில் பொய் இருக்கவில்லை. பொய்யெல்லாம் பிறகுதான் வந்தது.

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் கடை வரிசைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மேல்மாடி ஹால்தான் எங்கள் சபை. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வரவேண்டும். நான் ஹாட்வெயார் கடையில் பெயின்டும் பைப்பும் விற்கிறவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கிட்டாரையும் யாரிடமும் படிக்கவில்லை, காதால் கேட்டுப் பிடித்தது. ஆனாலும் பதினான்கு வருஷமாகப் பிரசங்க மேடைக்கு இடப்பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரை என்னுடையது. வாரம் ஆறு நாள் கடையில் மற்றவர்கள் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவனுக்கு, ஏழாம் நாள் அந்தக் கதிரையில் உட்கார்ந்து கர்த்தருக்கென்று கிட்டாரில் நாலு கோட்ஸ் பிடித்து வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சொன்னால் புரியாது.

பெட்டிதான் சரியில்லை. தகரத் தட்டில் அரிசி கொட்டுவது போல ஒரு சத்தம். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து எழும்பினால் நான் இருப்பதே தெரியாது. ஒரு ஞாயிறு இரண்டு தந்திகள் அறுந்துபோய், கடைசி மூன்று பாட்டுக்கும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து ஒரு சிஸ்டர் வந்து, இன்றைக்கு அருமையாக வாசித்தீர்கள் என்று கை கூப்பிவிட்டுப் போனார்.

இந்தக் கதையை என் மனைவியின் தம்பியிடம் சொன்னேன். தெல்தெனியப் பக்கம் கல்யாண வீடுகளில் பேண்ட் வாசிக்கிறவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பையிலிருந்து சவர்க்காரப் பெட்டி அளவில் மஞ்சள் நிற இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். மேலே மூன்று திருகு, மிதிக்க ஒரு குமிழ், சின்னதாக ஒரு சிவப்பு லைட். ஓவர்டிரைவ் பெடல். கிட்டாருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் மாட்டி மிதித்தால் சத்தம் தடித்து, ஓரத்தில் லேசாகக் கரகரக்கும்.

"மச்சான், ஒங்க பெட்டிக்குச் சீக்கு ஒன்னுமில்ல. அது பொறந்ததே அப்படித்தான். இத மிதிச்சுப் பாருங்க, பொறகு சொல்லுங்க."

அவனுடைய பேண்டில் இன்னும் இரண்டு கிட்டார்காரர்கள். வெளிநாட்டிலிருந்து விலை கூடிய பெடல்கள் வரவழைத்து வைத்திருந்தவர்கள். இந்த மலிவுப் பெடலைக் கேட்ட பிறகு இரண்டு பேரும் ரகசியமாக ஆளுக்கொன்று வாங்கி, கம்பெனிப் பேர் தெரியாமல் மேலே கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டார்களாம். மலிவானது என்று தெரிந்துவிட்டால் மரியாதை போய்விடுமே. மறைத்து வைப்பது இந்தப் பெடலின் பிறவிக் குணம் போலிருக்கிறது. மிதித்துப் பார்த்தேன். என் கையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை நான் கேட்டதேயில்லை. அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு முதல் நாளே கண்டி டவுனுக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்துவிட்டேன். எந்த பேண்டில் வாசிக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். ஒரு சின்னக் குழுவில் என்று சொல்லிவைத்தேன்.

பெடல் கைக்கு வந்துவிட்டது, இனிப் பிரச்சினை சபையில்தான். எங்கள் சபையில் புது வாத்தியம் எது வந்தாலும் முதலில் மேடைக்கு முன்னால் வைக்க வேண்டும். பாஸ்டரம்மா கேட்டுப் பார்த்து, ஜெபித்த பிறகுதான் வாசிக்கலாம். சில வருஷங்களுக்கு முன்னால் வெளியூர் வாலிபன் ஒருவன் இதே ஜாதிப் பெடலைக் கொண்டுவந்து எல்லாத் திருகையும் முழுசாகத் திருப்பி வாசித்ததில், ஒரு குழந்தை பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. "உறுமுறதுக்குக் காடு இருக்கு தம்பி. இங்க வேணாம்" என்று பாஸ்டரம்மா அன்றைக்குச் சொன்னது தீர்ப்பாக நின்றுவிட்டது. கேட்டால் இல்லை என்பார். கேட்காமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் கதிரை போய்விடும். நான் கேட்கவில்லை.

வியர்வை துடைக்க என்று ஒரு நீலத் துவாயைக் கொண்டுபோனேன். பெடலைக் காலடியில் வைத்து அதன் மேல் துவாயைப் போட்டேன். வேதாகமப் பையில் ஒளித்துக் கொண்டுபோகலாம் என்றுதான் முதலில் யோசித்தது, ஆனால் அந்த அளவுக்கு மனம் துணியவில்லை. கரகரப்புத் திருகைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து வைத்தேன். இரண்டாவது பாட்டின் பல்லவியில், வெறுங்காலின் பெருவிரலால் துவாயோடு சேர்த்து அழுத்தினேன்.

ஹால் முழுக்க நிறைந்தது சத்தம். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பின் வரிசையில் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்தார்கள். பாஸ்டரம்மா பாட்டை நிறுத்தாமலே நடந்து வந்தார். பிடிபட்டேன் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. நேராகப் பெட்டியிடம் போய் அதன் தலையில் கை வைத்தார். கண்ணில் நீர் நின்றது.

பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். ஆண்டவர் அந்த வாரம் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழும்பிச் சொல்வார்கள். பாஸ்டரம்மா, பெட்டி சுகமாகிவிட்டது என்று சபைக்கு அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க பிரதர்."

எழும்பினேன். "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு சொல், அதுவும் நல்ல சொல். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று வீட்டில் மனைவியிடம் வாதாடினேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, பாதியை மறைத்துச் சொல்வதும் பொய்தான் என்று ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது யார் என்று கேட்டாள். நான்தான்.

குறிப்பேட்டில் மூன்றாவது வரி சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டு, பக்கத்தில் "பதில் கிடைத்தது" என்று ஏறியது. அடுத்த ஞாயிறு முழங்கால்வலித் தாய், முதலாவதாக இருந்த தன்னை விட்டுவிட்டு மூன்றாவதாக இருந்த பெட்டிக்கு எப்படிச் சுகம் கிடைத்தது என்று சிரித்தபடி கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு தன் கதிரையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முழங்காலை அதில் சாய்த்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த அன்றைக்கே, இனிப் பெடலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனாலும் ஞாயிறு வந்தால் பெருவிரல் தன்பாட்டில் துவாயைத் தேடியது.

செய்தி கலகெதர ஊர்ச் சபைக்கும் போய்விட்டது. போயா லீவு நாளில் அவர்களுக்கு விசேஷக் கூட்டம். சுகமான பெட்டியைக் கொண்டுவந்து பாஸ்டரம்மா சாட்சி சொல்ல வேண்டும் என்று அழைப்பு. வாசிக்க அங்கேயே ஆள் இருக்கிறார், பெட்டியை மட்டும் தந்தால் போதும் என்றார் பாஸ்டரம்மா. பெட்டி மட்டும் போனால் அங்கே தகரத் தட்டில் அரிசிதான் கொட்டும். அந்தச் சபையின் முன்னால் வெட்கப்பட்டு நிற்கப் போவது நானல்ல, பாஸ்டரம்மா. அவசரமாக நானும் வருகிறேன் என்றேன். அது என் கைக்குப் பழகின பெட்டி என்று வேறு சொன்னேன். என்ன தாழ்மை என்று அவர் என்னைப் பாராட்டினார். பாராட்டு முள்ளாகக் குத்தியது.

முதல் நாள் சாயந்தரம் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்து ஒத்திகை பார்த்தேன். நடுவில் கரண்ட் போய்விட்டது. பெட்டி ஊமையானது. சரி, எல்லாம் நின்றுவிட்டது என்று துவாயைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் சாப்பிடப் போய்விட்டேன். இங்கேதான் கோட்டைவிட்டேன். பெட்டிக்குத்தான் கரண்ட் வேண்டும். பெடல் உள்ளே இருக்கும் சதுர பேட்டரியில் ஓடுவது. வயரைக் கழற்றாத மட்டும் அது பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். "வாசிக்காட்டியும் வயரக் கழட்டிறணும் மச்சான்" என்று தெல்தெனிய மைத்துனன் மூன்று தடவை சொல்லியிருந்தான். துவாய்க்கு அடியில் சிவப்பு லைட் இராமுழுக்க எரிந்து காலையில் அணைந்திருக்கிறது. துவாய் யாரிடமிருந்து எதை மறைத்தது என்று பாருங்கள்.

காலையில் பெடலைத் துவாயோடு ஒரு தரம் மிதித்து நிறுத்தி எடுத்துக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டை வழியாக வேனில் போனோம். ஹால் நிறைய ஜனம். பௌத்தர்களின் போயா நாள் என்பதால் சத்தத்தைத் தாழ்வாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். பிரசங்கத்துக்கு வந்திருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கண்டியிலேயே தங்கிவிட்டவர். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பேசுவார் என்று பேர். வயர் இல்லாத சொந்த மைக்கைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பாஸ்டரம்மா முதலில் சாட்சி சொன்னார். எத்தனை வெள்ளிக்கிழமை பசியோடு ஜெபித்தார் என்று சொன்னார். பக்கத்திலேயே நின்ற நான்கூட அந்தக் கணக்கை வைத்ததில்லை. பிறகு, இப்போது கேளுங்கள் என்று என்னைப் பார்த்தார். பெருவிரலால் அழுத்தினேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. தந்தியில் கை ஓடுகிறது, ஹாலில் நிசப்தம். மறுபடி அழுத்தினேன். அந்த மிதியில் பெடல் நடுவிலிருந்து விலகிக்கொள்ள, பழைய அரிசி தகரத்தில் கொட்டியது. முன் வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. பாஸ்டரம்மாவின் முகம் சுருங்கியது. கோபத்தில் இல்லை. தன் ஜெபத்தில் என்ன குறையோ என்று தேடுகிற முகம். கண்ணை மூடி, அத்தனை பேருக்கும் முன்னால் மறுபடியும் பெட்டியின் தலையில் கை வைக்கப் போனார்.

அதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி, துவாயை இழுத்தெடுத்தேன்.

"பெட்டிக்குச் சுகமாகல்லங்க. இதுதான் இவ்வளவு நாளும் சத்தம் போட்டது. நான்தான் மறைச்சு வச்சேன். மன்னிச்சிருங்க."

பெடலையும் பேட்டரியையும், அன்றைக்குச் சொன்ன ஒற்றை ஸ்தோத்திரத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இனி அந்தக் கதிரை எனக்கில்லை என்று தெரிந்துகொண்டே சொன்னேன். பாஸ்டரம்மா குனிந்து பெடலை எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா உறுமுற சாமான்?"

"கொஞ்சமாத் திருகினா உறுமாதுங்க."

"சரி, இப்ப என்னத்துக்கு உறுமல்ல?"

சதுர பேட்டரி தீர்ந்துவிட்டது, போயா என்பதால் பக்கத்துக் கடையும் பூட்டு என்றேன். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, முன் வரிசையில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஐயாவைப் பார்த்தார். வயர் இல்லாத மைக்கும் சதுர பேட்டரியில்தான் ஓடும்.

ஐயாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "ஓம், எடுங்கோ. எனக்குக் குரல் ஆண்டவர் தந்தவர்" என்று மைக்கின் அடியைத் திறந்து தானே கழற்றிக் கொடுத்தார்.

பாஸ்டரம்மா பெடலை மேடைக்கு முன்னால் வைத்து எல்லாரையும் எழும்பச் சொன்னார். சுருக்கமாக ஜெபித்தார். பெடலுக்கு ஒரு வரி, அதை மறைத்தவனுக்கு நாலு வரி. பிறகு வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு வாசித்தது போல நான் எப்போதும் வாசித்ததில்லை. துவாய் இல்லாமல் மிதிப்பதே தனிச் சுகம்.

ஐயா வெறுங்குரலில் பிரசங்கம் பண்ணினார். நல்ல பிரசங்கம். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் தொண்டை கட்டிக்கொள்ள, ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிட்டார். சோற்றுப் பந்தியில் கலகெதர ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். பாட்டுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் கட்டாயம் பெடலோடு வாருங்கள் என்று ஒருவர் காதோடு சொன்னார்.

தண்டனை இல்லாமல் போகவில்லை. நாலு ஞாயிறு நான் வாசிக்காமல் பெஞ்சில் இருந்தேன். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பி, என் பழைய சாட்சியை நானே வாபஸ் வாங்கினேன். முழங்கால்வலித் தாய் தன் கதிரையைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கதிரைக் கால் தரையில் உரசின சத்தம்தான் எனக்குக் கிடைத்த பெரிய அடி. அதற்குப் பிறகு அவரைப் படியில் கைபிடித்து ஏற்றிவிடுவது என் வேலை. பெட்டியைவிட நீ உறுதியாக இருக்கிறாய் என்று ஒரு நாள் சொன்னார்.

ஐந்தாவது ஞாயிறு கதிரை திரும்பக் கிடைத்தது. கூட்டம் முடிந்ததும் பாஸ்டரம்மா வாசலில் நின்றுகொண்டு, வயரைக் கழற்றினீர்களா என்று கேட்பார். கழற்றியிருந்தாலும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.

குறிப்பேட்டில் சிவப்பால் வெட்டிய வரிக்குக் கீழே "கிட்டார் பெட்டியின் சத்தம் சுகமாக" என்று மறுபடியும் புதிதாக எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கை வைத்து ஜெபம் நடக்கிறது. நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொல்கிறேன். முன்பு போல அவ்வளவு சத்தமாக இல்லை. உண்மையாகவே சுகமாகிவிட்டால் இந்தப் பெடலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?