மாட்டில் கட்டப்பட்ட ராணி

யூரோ வந்த புதிதில் நான் ஜெர்மனியில், ஹாலே நகரில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்தேன். பழைய ரோமச் சுவரோவியங்களின் நகல்களை வைத்து நடந்த கண்காட்சி ஒன்றில் எனக்கு வார இறுதி வேலை. வருகிறவர்களுக்குப் படத்தில் இருப்பது யாரென்று விளக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தம்பியையும் கூட்டிப் போனேன். அப்பா வராதது நல்லதாய்ப் போயிற்று. ‘அடியாத மாடு படியாது’ என்பதுதான் அவருடைய வேதம். படிந்த பிறகும் அம்மாவை அடிப்பார். அன்றும் அம்மாவின் காது கிழிந்திருந்தது. “இனி ஒருக்கா அம்மாவிலை கை வைச்சா ஆளை முடிப்பன்” என்று தம்பி டிராமில் வைத்தே சொன்னான்.

ஒரு படத்தின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். திமிறும் காளையோடு ஒருத்தியை இரண்டு இளைஞர்கள் கயிற்றால் கட்டுகிறார்கள்.

“உவள் ஆர்?”

“ராணி. இவங்களின்ரை தாயை அடிமையா வைச்சுச் சித்திரவதை செய்தவள். தாயை மாட்டிலை கட்டி இழுக்கச் சொன்னதும் இவள்தான். பெடியள் அதே மாட்டிலை இவளைக் கட்டீட்டாங்கள்.”

“நல்ல பெடியள்,” என்றான் தம்பி.

அம்மா படத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடினார். “தாயைக் காணேல்லை?”

“இடம் போதாமல் கீறாமல் விட்டிருப்பாங்கள், அம்மா.”

“அவள் நிண்டிருந்தா விட்டிருக்கமாட்டாள். என்னதான் செய்தாலும் அதுவும் ஒரு உயிரெல்லோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுத்தார் பூமியாள்வாராம். எந்தப் பூமி? வாடகை வீட்டு அடுப்படிதான்.

நாங்கள் வீடு திரும்பப் பிந்திவிட்டது. சோறு ஆறிவிட்டதென்று அப்பா கோப்பையோடு அம்மாவின் முகத்தில் எறிந்தார். பெல்ட்டைக் கழற்றி அவர் விட்ட முதல் அடி அம்மாவின் கழுத்தில் விழுந்தது. அடுத்தது விழவில்லை. தம்பி அவருடைய கையைப் பின்னால் முறுக்கினான். தோளில் ஏதோ முறிந்தது கேட்டது. பெல்ட்டைப் பறித்து முகம், முதுகு, விலா என்று பாராமல் விளாசினான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரத்தத்தோடு ஒரு பல்லும் தரையில் விழுந்தபோதுதான் பயம் பிடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் ஆள் செத்துப்போவார்.

தம்பியைப் பிடித்து இழுத்தேன். என்னை உதறித் தள்ளினான்.

“அம்மா, நிப்பாட்டச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் கேட்பான்.”

அம்மா கொட்டிய சோற்றைக் கோப்பையில் கூட்டி அள்ளினார். அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“இஞ்சேரப்பா,” என்று அப்பா தரையில் கிடந்தபடி கூப்பிட்டார். அதுவரை ‘எடியே’ என்றுதான் அவர் அம்மாவைக் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன். “இஞ்சேரப்பா, ஒருக்கா வாருமப்பா.”

உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.